என்னை நீக்கிய சங்கம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பயிற்சி முடிந்ததும் ஷைனி என்னைத் தனியாக அழைத்துப் பேசினாள். ஆஸ்பத்திரியில் என் மனைவி பேராச்சியின் வலது காலை மடக்கி நீட்டிவிடும் பிசியோதெரபி பெண் அவள்.

"அங்கிள், உங்கள மாதிரி வீட்ல நோயாளிய வச்சுப் பாக்குறவங்க எத்தனையோ பேரு இங்க வாராங்க. எல்லாரும் வராண்டாவுல ஆளுக்கொரு பெஞ்சுல உக்காந்து சுவரப் பாத்துட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் கூடிப் பேசினா என்ன? நீங்க முன்ன நின்னா நடக்கும்."

எனக்கு இப்படியொரு கூட்டம் தேவையில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டேன். மற்றவர்களுக்காகச் செய்யலாம். பாவம், அவர்களுக்கு அனுபவம் போதாது. நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தபோது ஊழியர் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்றபின் தெரு நலச் சங்கத் தலைவர். அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியிலும் உண்டு. பூவலிங்கம் ஏறாத மேடை பாளையங்கோட்டையில் கிடையாது என்று பேராச்சியே சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொன்னதில்லை.

இப்போது எதையும் சொல்வதில்லை. பொங்கலுக்கு மறுநாள் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'இந்தா' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா, மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் இந்தா, ஓட்ஸ் கஞ்சியை அப்பால் கொண்டுபோகச் சொன்னாலும் இந்தா. தொனியை வைத்து நான் பிரித்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

காலையில் தலை வாரிவிட்டேன். பின்னல் பாதி வழியில் இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளித்தேன்.

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் பேராச்சி தூங்கியபோது சங்க விதிகளை எழுதி முடித்தேன். பெயர்: பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோரைப் பராமரிப்போர் நலச் சங்கம். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையே என்றாள் ஷைனி. மூச்சு விட்டுச் சொல்லலாம், அவசரமில்லை என்றேன்.

அவளுக்கு மேடை வேண்டாமாம், மைக் வேண்டாமாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் போதுமாம். வட்டமாக உட்கார்ந்தால் தலைவர் எங்கே உட்காருவார் என்று கேட்டேன்.

மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பேராச்சி ஒரு வாய் குடித்துவிட்டு "இந்தா" என்றாள். இது எந்த இந்தா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தொடக்க விழா இனிதே நடைபெற்றது.

ஆஸ்பத்திரி மாடியில் ஹாலை இலவசமாகக் கொடுத்தார்கள். ஐம்பது நாற்காலி போட்டேன். மேடையில் ஐந்து பேர்: நான், ஷைனி, ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், அவரை அழைத்து வந்தவர், அவரோடு சும்மா வந்தவர். கீழே மூன்று பேர். எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மூவரில் முதல் ஆள் ஜெயக்கொடி. சமாதானபுரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். படுக்கையில் கிடப்பது மாமியார். இரண்டாவது ரஹ்மத் பீவி. அவர் வீட்டில் கணவர். மூன்றாவது ஸ்டீபன். எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வருகிற அதே ஆட்டோக்காரர்தான். அவருடைய அப்பாவுக்கும் இதே வியாதி என்பது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டு வருவேன்.

வரவேற்புரையில் பக்கவாதத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். நடுவில் ரஹ்மத் பீவியின் போன் அலறியது. கணவருக்கு மாத்திரை நேரமாம். மகளைக் கூப்பிட்டு, "நீலக் கலரு, ஏட்டி, நீலக் கலரு" என்று ஹாலே அதிரக் கத்தினார். நான் பெருந்தன்மையோடு காத்திருந்தேன். பொறுமையைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது ஜெயக்கொடி கை தூக்கினார்.

"அண்ணாச்சி, டீ உண்டுமா?"

"நன்றியுரைக்குப் பின் உண்டும்மா."

"அப்ப நன்றி, அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டார்.

தாசில்தார் பேசாமலே போனார். மூன்று பேரும் டீயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். நான் நாற்காலிகளை அடுக்கி முடிக்கும் வரை பேச்சும் சிரிப்பும் ஓயவில்லை. வாட்ச்மேன் வந்துதான் எழுப்பினான். மேடையில் இவ்வளவு விஷயம் இருக்கும்போது படியில் என்ன கிடைத்தது என்று புரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

குளியலறையில் லேசாக வழுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை.

பேராச்சியை நாற்காலியிலிருந்து தூக்கும்போது கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் தரையில். அவளுக்கு அடியில்லை, என்மேல்தான் விழுந்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சோப்புத் தண்ணீரில் வாளியில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் இடது கையால் என் தலையைத் தடவிப் பார்த்தாள். அடிபட்டிருக்கிறதா என்று தேடினாள்.

ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். வந்து தூக்கிவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "சரி சார்" என்றார்.

சாயந்தரம் ஜெயக்கொடி ஒரு தூக்குச்சட்டியில் குழம்பும் ஒரு பாட்டிலில் எண்ணெயும் கொண்டுவந்து நின்றார்.

"இடுப்புக்குத் தேய்ங்க அண்ணாச்சி. மதினிக்கு நான் சோறு குடுக்கேன். நீங்க விழுந்து கிடந்தா மதினிய யாரு தூக்குவா? அதக் கொஞ்சம் யோசிச்சியளா?"

என் இடுப்பைப் பற்றிப் பேச அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நான் போவதற்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டார்கள். ஷைனி வேலை. ஒரு நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

இன்று ஏழு பேர். ஜெயக்கொடி ஆரம்பித்தார். "எங்க அத்தைக்கு ஒரு கைதான் விளங்குது. அந்தக் கையால என்ன செய்யாவ? தட்ட எடுத்து என் மூஞ்சில எறியாவ. குறி தப்பவே மாட்டேங்கு. டாக்டரு பாத்துட்டு, நல்ல முன்னேற்றம்னு சொல்லுதாரு!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா என்று யோசித்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து ரஹ்மத் பீவி. கணவர் இப்போதெல்லாம் டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலே அழுகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னவர் திடீரென்று முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கு ஒரு நாளு கதவச் சாத்திட்டு ஏதாவது பஸ்ல ஏறிப் போயிரலாம்னு இருக்கு. எங்கன்னுல்லாம் இல்ல. போற வரைக்கும் போயி எறங்கணும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. இத்தகைய கருத்துகள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன என்று அறிவித்துவிட்டு, மனம் தளராமை பற்றிக் கொஞ்சம் பேசினேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. பேசி முடித்தபோது பாதிப் பேர் படிக்குப் போயிருந்தார்கள்.

"நீங்க எப்பிடி இருக்கீங்க அங்கிள்?" என்று ஷைனி கேட்டாள்.

"எனக்கென்ன!" என்றேன்.

ஜூன் 18, புதன்

அக்கிரமம். வாட்ஸப்பில் ஒரு குழு ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் 'படிக்கட்டு'. சங்கத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், என்னைத் தவிர. ஸ்டீபன் ஆட்டோவில் போனை என்னிடம் கொடுத்து வழி பார்க்கச் சொன்னபோது தெரியவந்தது. ரஹ்மத் பீவி தைலம் தேய்க்கும் வீடியோ போட்டிருக்கிறார். ஜெயக்கொடி, மாமியார் எறிந்த தட்டின் படத்தைப் போட்டிருக்கிறார். ஆறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

நிறுவனரைச் சேர்க்காமல் ஒரு குழு! ஸ்டீபனிடம் விளக்கம் கேட்டேன். "சார், நீங்க வந்தா எல்லாரும் நேரா உக்காந்துருவாங்க" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

என்னை நீக்கிவிட்டார்கள்.

நாற்பது வருடப் பொது வாழ்வில் தேர்தலில் தோற்றிருக்கிறேன், ராஜினாமா செய்திருக்கிறேன், வெளிநடப்பும் செய்திருக்கிறேன். நீக்கப்பட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் நானே எழுதிய விதியை வைத்து. 'சங்கத்தின் நோக்கத்துக்கு மாறாக நடக்கும் எவரையும் பெரும்பான்மை வாக்கால் நீக்கலாம்' என்று எழுதியபோது பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை நினைத்துத்தான் எழுதினேன்.

ஜெயக்கொடி எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. இங்க வந்து எல்லாரும் அவங்கவங்க படுத பாட்டச் சொல்லுதோம். ரஹ்மத் அழுதா. ஸ்டீபன் அழுதாரு. நீங்க குளிக்கிற ரூம்ல விழுந்து கிடந்தீங்க, அத ஒரு வார்த்த சொன்னீங்களா? எனக்கென்னன்னு கைய விரிக்கீங்க. தலைவரே பொய் சொன்னா சங்கம் எப்பிடி உருப்படும்?"

வாக்கெடுப்பு. எல்லாக் கையும் மேலே போயிற்று. ஸ்டீபன் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அவரும் நல்ல கையைத் தூக்கினார். நோயாளிக்கு வாக்குரிமை கிடையாது என்று ஆட்சேபித்தேன். அவர் கையை இறக்கவில்லை.

வாசல் வரை ரஹ்மத் பீவி கூட வந்தார். "தலைவரா வராதீங்க அண்ணாச்சி. சும்மா ஆளா வாங்க. உங்களுக்குச் சேரு எப்பவும் கிடக்கும்."

ஜூன் 23, திங்கள்

போட்டிச் சங்கம் ஒன்று தொடங்க முடிவு செய்தேன். 'உண்மையான' என்ற சொல் பெயரில் வர வேண்டும். தலைவர் நான். செயலாளர், பொருளாளர் பதவிகள் காலியாக உள்ளன. உறுப்பினர் பதவியும் காலியாக உள்ளது.

பேராச்சியிடம் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

ஜெயக்கொடி வந்தார். பேச மாட்டேன் என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அவர் நேரே உள்ளே போய் பேராச்சிக்குப் பின்னல் போட்டுவிட்டார். கிளை விடாத பின்னல். போகும்போது என் பேப்பரைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் மதினி தூங்குதாவன்னு நினைச்சிட்டா இருக்கீங்க? வெறுமனே கண்ண மூடிட்டுக் கிடக்காவ. அவிய தூங்கினாத்தானே நீங்க கொஞ்சம் கட்டையச் சாய்ப்பீங்க, அதுக்கு."

"உங்ககிட்ட அவ சொன்னாளாக்கும்?"

"கையக் காட்டிச் சொன்னாவ. எனக்கு விளங்கிட்டு. உங்களுக்கு மைக்குல சொன்னாத்தான் விளங்கும்."

நான் நம்பவில்லை. மத்தியானம் சோதித்துப் பார்த்தேன். பேராச்சி கண்ணை மூடினாள். நான் சத்தமில்லாமல் பேனாவை எடுத்தேன். அவளுடைய ஒரு கண் திறந்து, பேனாவைப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் மூடிக்கொண்டது.

ஜூன் 27, வெள்ளி

பால் பொங்கிவிட்டது.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன். மறுபடி திறந்திருக்கிறேன். அவ்வளவுதான் இல்லை.

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்போது கண் அசந்தது என்று தெரியாது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. உள் அறையில் பேராச்சிக்கு வாடை போயிருக்கிறது. எழுந்து வர முடியாதவள், டம்ளரைக் கட்டில் கம்பியில் அடித்து அடித்து "இந்தா! இந்தா! இந்தா!" என்று கத்தியிருக்கிறாள். அந்தச் சத்தம் கனவில் கோயில் மணியாகக் கேட்டது. நல்ல வேளை, கொடை நாளில் தாமதமாகப் போகிறோமே என்று பதறி எழுந்தேன்.

அடுப்பை மூடி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, அவளிடம் போனேன். டம்ளர் நசுங்கியிருந்தது. அவள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அவள் அந்த டம்ளரைத் தூக்காமல் இருந்திருந்தால்?

பயமாக இருக்கிறது. அவள் வியாதியைக் கண்டல்ல, என்னைக் கண்டு.

ஜூன் 29, ஞாயிறு

போனேன்.

ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. முன்னால் இழுக்காமல் உட்கார்ந்தேன். ஸ்டீபனின் அப்பா மட்டும் என்னைக் கொஞ்சம் கடுமையாகப் பார்த்தார்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை.

"எனக்கு முடியல" என்றேன்.

பால் பொங்கியதைச் சொன்னேன். குளியலறையையும் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. "கரண்டு ஆபீசுல இருந்தேன்லா. ஊர்ல கரண்டு போனா ஆளுக போன் போட்டுக் கத்துவாங்க. இந்தா வந்துரும், இப்ப வந்துரும்னு சொல்லுவேன். எப்ப வரும்னு எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லிப் பழகிட்டு. மகன் கேட்டாலும் அதுதான், ஷைனி கேட்டாலும் அதுதான். நெசத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. நான் தூங்கி அஞ்சு மாசமாச்சி. தூங்கினா அவளுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம். தூங்காட்டா எனக்கு ஏதாவது ஆயிரும், அப்புறம் அவ என்ன செய்வான்னு பயம்."

"அப்பாடா!" என்றார் ரஹ்மத் பீவி. சத்தமாக, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஷைனிதான் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?"

தூக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவ என்னையத் திட்டணும்" என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து தெனமும் திட்டு வாங்கித்தான் எந்திரிச்சிருக்கேன். வெளிய மேடையில மால போடுவாங்க, வீட்டுக்கு வந்தா அவ ஒரே சொல்லுல எறக்கிவிட்டுருவா. இப்ப யாருமே என்னையத் திட்டுறதில்ல. வீடு வீடாவே இல்ல."

சொல்லிவிட்டு அழுதேன். கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஸ்டீபன் ஆட்டோ துடைக்கிற துணியைக் கொடுத்தார்.

"திட்டுதானே?" என்று ஜெயக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அத நான் பாத்துக்கிடுதேன்."

ஜூலை 2, புதன்

மத்தியானம் ஜெயக்கொடியும் ரஹ்மத் பீவியும் வந்தார்கள். என்னை முன் அறைக்குத் துரத்தி, பாயை விரித்து, கதவைச் சாத்தினார்கள். நாங்கள் இருக்கும் வரை நீங்கள் இந்த வீட்டுக்கு ஆளில்லை என்று உத்தரவு.

ஷைனி சொல்லிக்கொடுத்ததாம்: பேச்சு போனவர்களுக்கு மாம்பழம், மரம் என்று பாடம் சொல்வதைவிட, வாயில் ஊறிப்போன சொல் சில சமயம் சீக்கிரம் வருமாம். பேராச்சி வாயில் ஊறியது எதுவென்று ஊருக்கே தெரியும். உள்ளே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் மாறி மாறித் திட்டிப் பாடம் நடத்தினார்கள். தெருவில் போன இரண்டு பேர் சண்டையை விலக்க உள்ளே வந்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

விழித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேராச்சி சாப்பிட்டு முடித்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ரஹ்மத் பீவியின் கணவரோடு இன்று மத்தியானம் நான் இருந்தேன். சோப்பு விளம்பரம் வந்தது. அவர் அழுதார். கூட நானும் கொஞ்சம். ரஹ்மத் பீவி டவுன் வரை பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 9, புதன்

பாடம் தொடர்கிறது. பலன் இல்லை. "இந்தா" மட்டும்தான். ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பேராச்சி இன்று கூட்டத்துக்கு வருகிறாள். அவளாகவே ஆட்டோவைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஸ்டீபன் வாசலில் நிற்கிறார்.

பச்சைச் சேலையைக் கை காட்டினாள். ரவிக்கையை மாட்டிவிடுவது எனக்கு இன்னும் பெரும்பாடு. வராத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று ஷைனி சொல்லித் தந்திருக்கிறாள். நுழைத்தேன். வியர்த்து விறுவிறுத்து எல்லாக் கொக்கியையும் போட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துவந்து பெருமையாகக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். தையலெல்லாம் வெளியே தெரிந்தது. உள்பக்கம் வெளியே இருந்தது.

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணி, உதடு எதையோ தேடி அலைந்தது. 'இந்தா' வரும் என்று காத்திருந்தேன்.

"கோட்டி" என்றாள்.

கண்ணாடி கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. "என்ன சொன்ன?"

"கோட்டி... மனுசன்."

பைத்தியக்காரன் என்கிறாள் என்னை. குழறலாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தொனி, அந்த எரிச்சல், 'னு'வில் ஒரு இழுப்பு, அச்சு அசல் அவளேதான். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னாள். இன்னும் ஒரு தடவை என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையால் என் தோளில் ஓர் அடி வைத்து வேறொரு சொல் சொன்னாள். தெளிவாக, ஓர் எழுத்துகூடக் குழறாமல் சொன்னாள். நாற்பது வருடத்தில் அவள் வாயில் நான் கேட்டிராத சொல். ஜெயக்கொடி பாடத்தில்தான் வந்திருக்க வேண்டும். அதை இங்கே எழுத முடியாது.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. ஸ்டீபன் வெளியே ஹாரன் அடிக்கத் தொடங்கியதும், கொக்கிகளைக் கழற்றி ரவிக்கையை நேராகப் போட்டுவிட்டேன்.